கிரேக்க நாட்டின் ரோட்ஸ் தீவிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

ஆகஸ்டில் அத்தானோடும் பிள்ளைகளோடும் வருவதாக எழுதியிருந்தாய். பெட்டலூதெஸ் பள்ளத்தாக்குக்குப் போகும் முன் பிள்ளைகளிடம் சொல்லி வைக்க வேண்டியவை சில இருக்கின்றன.

இங்கே மழைக்காலம் என்றால் குளிர்காலம்தான். ஜூலை, ஆகஸ்டில் குன்றெல்லாம் காய்ந்து கிடக்கும். நகரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஓடை ஓடும், நிழல் இருக்கும். பட்டாம்பூச்சிப் பள்ளத்தாக்கு என்று சொல்வார்கள், ஆனால் அங்கே கூடுவது அந்துப்பூச்சி: யூப்ளேஜியா குவாட்ரிபங்க்டேரியா. புழுவாகக் குளிர்காலத்தில் செடிகொடிகளைத் தின்று வளர்ந்து, மே கடைசியில் சிறகோடு வெளிவந்து, வெயில் ஏற ஏற ஈரத்தைத் தேடி இங்கே வந்து சேரும்.

அங்குள்ள லிக்விடாம்பர் மரங்களின் பிசின் சாம்பிராணி போல மணக்கும். அந்த வாசனைக்குத்தான் பூச்சி வருகிறது என்று பலர் சொல்வார்கள். இன்னொரு கிரேக்கத் தீவான பாரோஸில் அந்த மரக்காடு இல்லாமலேயே இதே பூச்சி கோடையில் கூடுகிறது. அதனால் குளுமையும் ஈரமும்தான் காரணம் என்பது என் எண்ணம்.

முக்கியமான விஷயம் இதுதான்: பள்ளத்தாக்கில் இருக்கும் மாதங்களில் அந்தப் பூச்சி எதுவும் தின்பதில்லை. புழுப்பருவத்தில் சேர்த்த கொழுப்பை வைத்தே செப்டம்பர் வரை தாக்குப்பிடித்து, பிறகு வெளியே போய் முட்டையிட வேண்டும். ஒவ்வொரு முறை பறக்கும்போதும் அந்தச் சேமிப்பு கரைகிறது, முட்டைக்கு மிஞ்சுவது குறைகிறது. உட்கார்ந்திருக்கையில் கறுப்பில் வெளிர்மஞ்சள் கோடு போட்ட முன்சிறகு மட்டும்தான் தெரியும். செக்கச்சிவந்த பின்சிறகைப் பார்க்கும் ஆசையில் கைதட்டி, விசிலடித்துக் கிளப்பிவிட்டவர்களால் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது அதற்குத் தடை இருக்கிறது, ஆனாலும் செய்கிறவர்கள் உண்டு. பார்க்கும்போது எனக்கு மனசு கொதிக்கும்.

ஆகவே கைதட்டக் கூடாது, மரத்தை உலுக்கக் கூடாது, பாதையை விட்டு இறங்கக் கூடாது, பிளாஷ் போடக் கூடாது. சுற்றுலா பஸ்கள் வருமுன் காலையிலேயே போய்விடலாம். அடிமரத்திலும் பாறையின் நிழல் பக்கத்திலும் ஒரே இடத்தை நின்று பார்க்கச் சொல். முதலில் வெறும் பட்டைபோல் இருக்கும், கொஞ்ச நேரத்தில் கோடு கோடாகப் பூச்சிகள் கண்ணில் படும்.

மரப்பாலங்களும் படிகளும் வழுக்கும், அதனால் பிள்ளைகளுக்கு ஷூ எடுத்து வா. அத்தானுக்கு முழங்கால் வலி இன்னும் இருந்தால் மேல் வாசலில் இறக்கிவிடுகிறேன். மெதுவாக இறங்கி வரட்டும், கீழே வண்டியோடு நிற்கிறேன்.

அன்புடன்,
தம்பி