மூன்று படிக் கொலு, ஒன்பது நாள்

அன்புள்ள கண்ணா,

இந்த வருஷம் புனே வீட்டிலேயே கொலு வைக்கப்போகிறோம் என்று நீயும் மருமகளும் சொன்னது ரொம்ப சந்தோஷம். பொம்மைப் பெட்டியைப் பார்சலில் அனுப்பிவிட்டேன். போனில் பாதி சொல்லி பாதி மறந்துபோகும், அதனால் எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

எதை வாங்கினாலும் எதைக் கட்டினாலும் இது ஒன்பது நாள் தாங்குமா என்று மட்டும் பார். கல்யாண வீட்டு அலங்காரம் ஒரு ராத்திரி நின்றால் போதும். கொலு மகாளய அமாவாசைக்கு மறுநாள் பிரதமையில் தொடங்கி விஜயதசமி வரை நிற்க வேண்டும். நாலாம் நாள் தோரணம் சுருண்டு, பூ கறுத்துக் கிடந்தால் வீடே சோர்ந்து தெரியும். நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். குறைவாகச் செய்யுங்கள், கடைசி நாள் வரை அது அப்படியே இருக்கட்டும்.

முதலில் படி. ஒற்றைப்படையில்தான் வைக்க வேண்டும், உங்கள் ஹாலுக்கு மூன்று போதும். 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 3 அடி நீளம், 10 அங்குல அகலத்தில் மூன்று பலகை வெட்டி வாங்கு. கீழ்ப்படி தரையிலிருந்து 8 அங்குலம், அடுத்தது 16, மேல்படி 24. தாங்கலுக்குத் தடித்த அட்டைப்பெட்டியே போதும், ஆனால் உள்ளே புத்தகமும் பழைய பேப்பரும் அசையாமல் நிரம்பியிருக்க வேண்டும். காலிப் பெட்டி இரண்டே நாளில் அமுங்கும். பலகையின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் தாங்கல் கொடு. நடுவில் விட்டுவிட்டால் பலகை தொய்ந்து, பக்கத்துப் பக்கத்துப் பொம்மைகள் தலை முட்டிக்கொள்ளும். எல்லாம் சுவரை ஒட்டி இருக்கட்டும். கிழக்குப் பார்த்து அமைந்தால் நல்லது, ஆனால் ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், சாயம் வெளுத்துவிடும்.

படி கட்டி முடித்ததும் ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி மேல்படியின் நடுவில் வை. பேத்தியை ஹாலில் ஓடச் சொல். தண்ணீர் தளும்பி வழிந்தால் எந்தத் தாங்கல் ஆடுகிறது என்று தேடி, மடித்த அட்டையை அடியில் சொருகு. தண்ணீர் வழிவது நிற்கும் வரை ஒரு பொம்மைகூடப் பெட்டியிலிருந்து வெளியே வரக்கூடாது.

அடுத்தது வேஷ்டி. அப்பாவின் நாலு முழ வேஷ்டி ஒன்றைப் பார்சலில் வைத்திருக்கிறேன். ஏறக்குறைய 2 மீட்டர் நீளம். மூன்று படிக்கும் ஏறி இறங்க 54 அங்குலம் போகும், மீதி மேல்படிக்குப் பின்னால் தொங்கும். அகலம் 50 அங்குலத்துக்குக் குறையாது, 3 அடிப் பலகையை மூடி இரண்டு பக்கமும் 7 அங்குலம் இறங்கும். கரை இரண்டும் இருபக்கமும் நேர்கோடாக வரும், அதுதான் படிக்கு அழகு. கஞ்சி போட்டு, பாதி ஈரத்தில் இஸ்திரி போட்டுக்கொள். மேலிருந்துதான் விரிக்க வேண்டும். படியும் அதன் பின்னால் எழும் முகப்பும் சேரும் மூலையில் மர ஸ்கேலை வைத்து அழுத்தி, துணியை உள்ளே தள்ளி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டு. அதன்பிறகுதான் அடுத்த படிக்கு இறங்கு. கீழிருந்து இழுத்தால் மூலையில் துணி கூடாரம் மாதிரி தூக்கிக்கொள்ளும். மேலே வைக்கும் பொம்மை அந்த மேட்டில் உட்கார்ந்து முன்பக்கமாகச் சாயும். கொலுவில் பொம்மை உடைவது பெரும்பாலும் இப்படித்தான்.

பொம்மைப் பெட்டியைக் கட்டில் மெத்தை மேல் வைத்துத் திற. களிமண் பொம்மையைக் கையையோ கழுத்தையோ பிடித்துத் தூக்காதே, பீடத்துக்கு அடியில் கை கொடு. ஈரத்துணி படவே கூடாது, சாயம் கரைந்து வந்துவிடும். மிருதுவான பெயிண்ட் பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். மூக்கு, விரல் நுனி பெயர்ந்திருந்தால் ஃபெவிகாலில் சாக்பீஸ் பொடியைக் குழைத்து அடைத்து, ஒரு நாள் காயவிட்டு அக்ரிலிக் வண்ணம் தீட்டு.

முதலில் படி ஏறுவது கலசமும் மரப்பாச்சி ஜோடியும். மரப்பாச்சி செம்மரம், அதற்கு மருமகள் ஜரிகைத் துண்டில் புடவை வேஷ்டி கட்டிவிடட்டும். பிள்ளையாரும் முப்பெருந்தேவியரும் அவற்றோடு மேல்படியில். நடுப்படிக்கு விளாச்சேரி தசாவதார செட். கீழ்ப்படியில் செட்டியார் கடையும் கல்யாண செட்டும். செட்டியார் முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் கிண்ணத்தில் வைத்தாக வேண்டும், கடை காலியாக இருக்கக்கூடாது. தஞ்சாவூர்த் தலையாட்டியை ஓரத்தில் தனியாக வை, சுற்றிலும் 3 அங்குலம் இடம் விடு. ஃபேன் காற்றில் அது ஆடிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பதன் சாயத்தை உரசி எடுத்துவிடும். படிகளில் கொஞ்சம் வெற்றிடம் இருந்தால் இருக்கட்டும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மை வாங்கினால் அது தானே நிரம்பும்.

கலசத்தில் தண்ணீருக்குப் பதில் பச்சரிசி நிரப்பு. இரண்டு விதமும் வழக்கத்தில் உண்டு. தண்ணீர் என்றால் நாலு நாளில் வாடை வரும், தளும்பினால் வேஷ்டி கறையாகும். ஒரு லிட்டர் செம்புக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். கழுத்து வரை நிரப்பு, குறைந்தால் தேங்காய் உள்ளே இறங்கிவிடும். தேங்காய் குடுமியோடு இருக்கட்டும், மஞ்சள் பூசிக்கொள். மாவிலை ஐந்து, நாலாம் நாள் மாற்றிவிடு.

படிக்குப் பக்கத்தில் பார்க். இதற்குத்தான் முன்யோசனை வேண்டும். ஸ்வீட் வாங்கும் பிளாஸ்டிக் டப்பாக்களில் 2 அங்குல ஆழம் உள்ளதாக இரண்டு எடுத்து, அடியில் ஓட்டை போட்டு, கீழே ஒரு தட்டு வை. தென்னை நார்த்தூளும் மணலும் சரிபாதி. வெந்தயம் என்றால் 6 அங்குலத்துக்கு 8 அங்குல டப்பாவுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன், ராத்திரி ஊறவைத்துத் தூவு. கடுகை ஊறவைக்காதே, கொழகொழவென்று ஒட்டிக்கொள்ளும், அப்படியே தூவலாம். புல்தரை மாதிரி வேண்டுமென்றால் கேழ்வரகுதான், அதன் இலை மெல்லிசாகப் புல் போலவே வரும். காலையும் மாலையும் ஸ்ப்ரேயால் நனைத்தால் போதும். ஊற்றினால் வேரில் வெள்ளைப் பூஞ்சை பிடித்து நாறும். முதல் டப்பாவை அமாவாசைக்கு ஐந்து நாள் முன்னால் விதை, இரண்டாவதை அமாவாசையன்று. முதலாவது உயர்ந்து சாயும்போது அதை எடுத்துவிட்டு மற்றதை வைத்துவிடலாம். குளத்துக்கு ஒரு முகக்கண்ணாடி, ஓரத்தை மண்ணால் மறைத்தால் ஆயிற்று.

அங்கே மராட்டி வீடுகளிலும் முதல் நாள் கடஸ்தாபனம் செய்து, குடத்தைச் சுற்றி மண்ணில் கோதுமை விதைத்து ஒன்பது நாளும் வளர்ப்பார்கள், நம் முளைப்பாரி மாதிரியேதான். அதற்கான மண்ணும் தானியமும் அந்த வாரம் ‘மண்டை’ என்று அங்கே சொல்லும் காய்கறிச் சந்தையில் பொட்டலமாகக் கிடைக்கும், நார்த்தூளுக்கு அலையாதே.

விளக்கில் கவனம். சீரியல் லைட் எல்இடியாக, மஞ்சள் வெளிச்சத்தில் 5 மீட்டர் ஒன்றே போதும். வயரை வேஷ்டிக்கு அடியில் ஓட்டாதே, பின்சுவரில் ஓட்டு. அடாப்டர் சூடாகும், அது துணியைத் தொடக்கூடாது. குத்துவிளக்கு படியிலிருந்து 2 அடி தள்ளி, பித்தளைத் தாம்பாளத்தின் மேல் இருக்கட்டும். ஏற்றியிருக்கும் நேரம் ஃபேனை நிறுத்து. வெளியே கிளம்பும்போது விளக்கைக் குளிரவைத்துவிட்டுத்தான் கதவைப் பூட்ட வேண்டும்.

வாசலுக்கு மாவிலைத் தோரணம். செம்பு நிறத் தளிர் இலையைப் பறிக்காதே, அன்று மாலையே தொங்கிவிடும். கரும்பச்சையாக முற்றிய இலை மூன்று நாள் தாங்கும். 3 அடி நிலைக்கு 21 இலை. காம்பைப் பின்பக்கம் மடித்து, சணல் கயிற்றைச் சுற்றி ஈர்க்கால் குத்து. பிளாஸ்டிக் கயிற்றில் இலை வழுக்கி ஒரு பக்கமாகச் சேர்ந்துவிடும். நடுநடுவே செண்டுமல்லி, ஒரு தடவைக்கு அரைக் கிலோ போதும். ஊசியைப் பூவின் நடுவில் விடாமல் அடியிலுள்ள பச்சைக் குப்பியில் குறுக்காகக் கோத்தால் எல்லாப் பூவும் வெளியே பார்க்கும். முதல் நாள், நாலாம் நாள், ஏழாம் நாள் என்று மூன்று தடவை மாற்று. தசராவுக்கு அங்கே வாசலுக்கு வாசல் இதே பூதான், கடைசி நாளில் விலை ஏறிவிடும். இரண்டு நாள் முன்பே வாங்கி, கழுவாமல் பேப்பரில் சுற்றி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வை.

கோலத்தை டைல்ஸ் மேல் போட்டால் மறுநாளே உரிந்துவிடும், பொடிக்கோலத்தில் கால் வழுக்கும். ஒன்றரை அடிச் சதுரப் பலகையில் காவி பூசி, காய்ந்ததும் அதன்மேல் மாக்கோலம் போடு. அரை டம்ளர் பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, கெட்டி மோர் பதத்துக்குக் கரைத்துக்கொள். சின்ன வெள்ளைத்துணியை நனைத்துப் பிழிந்தபடி மோதிர விரல் வழியே இழை இழு. ஈரத்தில் மங்கலாகத்தான் தெரியும், காய்ந்தால் வெளுக்கும், அதனால் மறுபடி மேலே இழுத்துத் தடிப்பாக்காதே. தண்ணீர் படாவிட்டால் பலகையில் ஒன்பது நாளும் நிற்கும். வாசல் ஓரம் சார்த்தி வைத்துவிடு.

மற்ற அறைகளுக்கு அதிகம் வேண்டாம். சமையலறை ஜன்னலில் ஒரு சின்ன மாவிலைக் கொத்து, பால்கனியில் நாலு அகல். கொலுவுக்கு முன்னால் ஜமக்காளம் விரிக்க 4 அடி விடு. வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமத் தட்டு வாசலுக்குப் பக்கத்து அலமாரியில் இருந்தால், வருகிறவர்கள் கிளம்பும்போது தேட வேண்டியதில்லை. சுண்டல் மருமகளுக்கு நன்றாகவே வரும்.

ஒன்பதாம் நாள் சரஸ்வதி பூஜைக்கு மணையில் வெள்ளைத்துணி விரித்துப் புத்தகங்களை அடுக்கு. பேத்தியின் புத்தகம் மேலே இருக்கட்டும். லேப்டாப்புக்கு மூடியின் ஓரத்தில் குழைத்த சந்தனம் ஒரு பொட்டு போதும், விபூதி குங்குமப் பொடி கீபோர்டுக்குள் போய்விடும். மறுநாள் அக்கம்பக்கத்தார் ஆப்டா இலையைத் தங்கம் என்று சொல்லிக் கையில் கொடுப்பார்கள். அது நம் ஆத்தி இலைதான், சோழர்கள் சூடிய பூவின் மரம். வாங்கிக் கலசத்தருகே வை.

விஜயதசமி ராத்திரி ஆரத்தி எடுத்துவிட்டு ஒரு பொம்மையைப் படுக்கவைத்துவிடு, மறுநாள் எடுத்து வைக்கலாம். எடுப்பதற்கு முன் படியை ஒரு போட்டோ எடுத்துக்கொள், அடுத்த வருஷம் அடுக்க உதவும். நியூஸ்பேப்பரை நேராகச் சுற்றாதே, அச்சு மை முகத்தில் ஒட்டும். முதலில் பழைய பருத்தித்துணி, அதன்மேல் பேப்பர். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்து சாயம் பிசுபிசுக்கும். பூச்சிக்கு நாலு வசம்புத் துண்டு போடு. கனமானது அடியில், தலையாட்டி மேலே. பெட்டி மேல் உள்ளே இருப்பதை எழுதி ஒட்டு.

கலசத்து அரிசியில் சர்க்கரைப்பொங்கல் வை. பார்சல் வந்ததும் திறப்பதற்கு முன் கூப்பிடு. தலையாட்டியின் தலை, இடுப்பு, பாவாடை எல்லாம் தனித்தனியாகச் சுற்றியிருக்கிறது. எதன் மேல் எது உட்காரும் என்று வீடியோவில் காட்டுகிறேன்.

அன்புடன்,
அம்மா