கோடையில் கெட்டி ஆயில் ஊற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெயில் ஏறத் தொடங்கியதும் "கொஞ்சம் கெட்டியான ஆயில் ஊற்றினால் இன்ஜின் சூடாகாது" என்ற அறிவுரை கோடைக்காலப் பராமரிப்புக் குறிப்புகளில் தவறாமல் வந்துவிடுகிறது. இதை நம்பிக் காருக்குச் சொல்லப்பட்ட ஆயில் கிரேடை, அதாவது கெட்டித்தன்மை வகையை, மாற்றுகிறவர்கள், தங்கள் கைக்காசைப் போட்டு இன்ஜினின் வேலையைக் கூட்டுகிறார்கள்.

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாப்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர்தான். அந்தச் சந்தில் ஆயில் அடுக்கடுக்காக வழுக்கும்போது பிறக்கும் உராய்வு அங்கேயே வெப்பமாகிறது. ஆயில் கெட்டிப்பட்டால் இந்த வெப்பம் கூடும். கூடவே, பேரிங் வழியாகப் பாய்ந்து வெப்பத்தை அள்ளிச்செல்லும் ஆயிலின் அளவும் குறையும். பிஸ்டனின் அடிப்பாகத்தை ஆயில் பீச்சிக் குளிர்விக்கும் இன்ஜின்களில் இந்த ஓட்டம் மிக முக்கியம்.

ஆயில் பிரஷர் உயர்ந்து தெரிவதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதும் தவறு. பிரஷர் என்பது ஓட்டத்துக்கு எழும் தடையின் அளவு. தடை மிஞ்சினால், அதிக அழுத்தத்தை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்து, பம்ப் தள்ளிய ஆயிலில் ஒரு பகுதி பேரிங்கை எட்டாமலே திரும்பிவிடும்.

வெளியே 30 டிகிரியா, 42 டிகிரியா என்பதைப் பொறுத்து ஆயிலின் வெப்பம் அதே அளவுக்கு மாறுவதில்லை. தெர்மோஸ்டாட் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை 90 டிகிரியை ஒட்டி வைத்திருப்பதால், சாதாரண ஓட்டத்தில் சம்ப்பில் (இன்ஜினின் அடித்தொட்டியில்) உள்ள ஆயில் 90 முதல் 110 டிகிரிக்குள் நிற்கும். 5டபிள்யூ-30 என்ற கிரேடில் பின்னால் வரும் 30, 100 டிகிரியில் அதன் பாகுத்தன்மை (கெட்டித்தன்மை) 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் என்ற அலகு வரை இருப்பதைக் குறிக்கிறது. கிரேடு 40 என்றால் 12.5 முதல் 16.3 வரை. அதே 5டபிள்யூ-30, 40 டிகிரியில் ஏறக்குறைய 60 சென்டிஸ்டோக் இருக்கும். இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50 என்றால் 160ஐ ஒட்டி இருக்கும். காலையில் சாவியைத் திருப்பியதும் இவ்வளவு கெட்டியான ஆயில், வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாப்டையும் அதை ஓட்டும் டைமிங் செயினை இறுக்கி வைக்கும் டென்ஷனரையும் எட்டத் தாமதமாகிறது. அந்தச் சில விநாடிகளில் தேய்மானம் கூடும். வால்வு டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் இன்ஜின்களில் அந்த அமைப்பும் மந்தமாகி, எச்சரிக்கை விளக்கு எரியலாம்.

இதற்காக மெல்லிய ஆயிலே எல்லாவற்றுக்கும் நல்லது என்று சொல்லவில்லை. 150 டிகிரியில், பேரிங்கில் போலக் கடுமையாக வழுக்க வைத்துப் பாகுத்தன்மையை அளக்கும்போது கிரேடு 20க்குக் குறைந்தபட்சம் 2.6 மில்லிபாஸ்கல்-விநாடி (இன்னொரு பாகுத்தன்மை அலகு) போதும், 5டபிள்யூ-40க்கு 3.5 வேண்டும். 3.5ஐ எதிர்பார்த்து வடிவமைத்த டர்போ இன்ஜினில் கிரேடு 20ஐ ஊற்றினால் ஆயில் படலம் கிழிந்து உலோகம் உலோகத்தில் உரசலாம்.

ஊற்றிய கிரேடும் அப்படியே நிலைப்பதில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. குறுந்தூரமே ஓடும் காரில் பெட்ரோல் கசிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக் குச்சியில் அளவு ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் வாடை அடித்தால், உடனே மாற்ற வேண்டும். டீசல் இன்ஜினில் கரி சேர்ந்து ஆயில் தடிக்கும். இன்ஜின் உண்மையில் சூடானால் முதலில் பார்க்க வேண்டியவை கூலன்ட் அளவு, ரேடியேட்டர் மின்விசிறி, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். ஆயிலின் அளவையும் பாருங்கள்: டிப்ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பல கார்களில் சுமார் ஒரு லிட்டர். மேல்கோட்டை மிகவும் தாண்டி ஊற்றினால் ஆயில் நுரைக்கலாம்.

இனி இத்தகைய குறிப்புகளை வெளியிடும்போது, வாகனக் கையேட்டில் உள்ள கிரேடையும் ஆயிலின் தர அடையாளத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி ஒரு வரி அச்சிடுங்கள். சில கையேடுகள் வெளி வெப்பநிலைக்கேற்ப இரண்டு மூன்று கிரேடுகளை அனுமதிக்கின்றன; அவற்றுக்குள் தேர்வு செய்வதில் தவறில்லை. புகைக்கரி வடிகட்டி உள்ள டீசல் கார்களுக்குக் கிரேடு பொருந்தினால் மட்டும் போதாது; எரிந்தால் குறைந்த சாம்பலே விடும் வகையாகவும் இருக்க வேண்டும், இல்லையேல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்