பெட்டி மேல் 3/8, உள்ளே எம்10: மறை ரிப்பேர் கிட் பற்றிய புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர்

ஐயா,

வணக்கம். ஆர்டர் விவரம் எல்லாம் உங்களிடமே இருக்கிறது. நான்கு தடவை அனுப்பிவிட்டேன், ஐந்தாவது தடவைக்குத் தெம்பில்லை. நேற்று 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ் வந்தது. எதைத் தீர்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது அப்பா காலத்து வில்லிஸ் ஜீப். பாடியைச் சேஸோடு, அதாவது அடிச்சட்டத்தோடு, பிடிக்கும் போல்ட் ஒன்று ஏறும் நட்டில் மறை, அதாவது திருகுப் புரி, போய்விட்டது. அந்த நட்டை யாரோ எந்தக் காலத்திலோ சேஸுக்குள் வைத்து வெல்ட் அடித்திருக்கிறார்கள். அங்கே ஸ்பேனர் நுழையாது. அதனால்தான் உங்கள் கிட்டை வாங்கினேன். பெட்டி மேல் 3/8 யுஎன்எஃப் (இன்ச் அளவு நுண்மறை), இன்ச்சுக்கு 24 மறை என்று ஒட்டியிருந்தது. அதை நம்பி, உள்ளே இருந்த டிரில்லைப் போட்டு, மறை வெட்டும் டேப்பை அடித்து, புது மறையாக உட்காரும் கம்பிச் சுருளான காயிலையும் ஏற்றினேன். போல்ட் இரண்டு சுற்று போய் இறுகிக்கொண்டது. கொஞ்சம் அழுத்தித் திருப்பினேன், அதை மறைக்கவில்லை. அப்புறம் டேப்பைத் துடைத்துக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், தண்டில் எம்10, 1.5 என்று மில்லி அளவு பொறித்திருக்கிறது!

இதைப் போனில் சொன்னதற்கு உங்கள் ஆள் கேட்டது: "இன்னுமா சார் அந்த வண்டிய வெச்சிருக்கீங்க? மறை கழண்டா எடைக்குப் போட்டுடுங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். யாருக்கு மறை கழன்றது என்கிறார்? இன்ச்சும் மில்லியும் தெரியாத ஒருவரை வைத்துக்கொண்டு மறை விற்கிற கம்பெனி நீங்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போங்க, உடனே மாத்தித் தருவாங்க' என்றவரும் அவர்தான். ஜீப் படுத்துவிட்டதால் கோத்தகிரியிலிருந்து பஸ்தான். மஞ்சப்பையில் கிட், அந்த போல்ட், பில். மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம். ஒன்றரை மணி நேரம் வாசலில் நின்றேன். கடைசியில் ஒரு பெண் வந்து, 'ஆன்லைன்ல வாங்கினத நாங்க பார்க்கிறதில்ல அங்கிள்' என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், தண்ணீராவது கொடுத்தார். திரும்பும்போது குஞ்சப்பனை பக்கம் பலாப்பழ சீசன் யானை ரோட்டில் நின்று முக்கால் மணி நேரம் போனது. யானைக்கும் நீங்கள் பொறுப்பு என்று சொல்லவில்லை. ஆனால் அந்த பஸ்ஸில் என்னை ஏற்றிவிட்டது நீங்கள்தான்.

'சரியான கிட் அனுப்புகிறோம்' என்று மூன்றாவது மெயிலில் எழுதியிருக்கிறீர்கள். நன்றி, ஆனால் அதை வைத்து நான் என்ன செய்ய? 3/8 காயிலுக்கு 10 மில்லிக்குச் சற்றுக் குறைவான ஓட்டை வேண்டும். உங்கள் பெட்டியில் இருந்த டிரில் 10.4. அதற்கு மேல் எம்10 காயிலுக்கான டேப்பும் அடித்தாகிவிட்டது. திரும்ப மறை வெட்ட அங்கே இரும்பு எங்கே இருக்கிறது? இது உங்களுக்குத் தெரியாதா என்ன! இனி ஓட்டையை நிரப்ப லேத்தில் புஷ் (இரும்பு வளையம்) கடைந்து வைக்க வேண்டும், இல்லை பழைய நட்டை அறுத்தெடுத்துப் புதிதாக வெல்ட் அடிக்க வேண்டும். என்னைக் கேட்டால் சேஸே பாழ். ஐம்பது வருஷம் மழையும் மேகமும் தின்னாத சேஸை ஒரே மத்தியானத்தில் தின்றது உங்கள் டிரில்.

22 நாளாகத் தேயிலை மூட்டையை வாடகை வண்டியில் ஃபேக்டரிக்கு அனுப்புகிறேன். கிட் விலை, லேத் கூலி, வாடகை, அலைச்சல், மன உளைச்சல் எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் கேட்கிறேன். கூடுதலாகத் தோன்றினால் உட்கார்ந்து பேசலாம், நான் பிடிவாதக்காரன் இல்லை.

ஆனால் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டுவிட்டு, ஊட்டியில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடுவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். இந்தத் தடவை நீங்கள் மலை ஏறி வாருங்கள்.

தயவுசெய்து, பதில் சொல்ல அந்தச் சிரித்த ஆளைத் தவிர வேறு யாரையாவது பேசச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோத்தகிரி வாடிக்கையாளர்

பி.கு.: கிட் என்னிடம்தான் இருக்கிறது. வேண்டுமானால் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கொரியர் செலவு நான் தர மாட்டேன்.