பாவோதலுக்குப் பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்

அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளின் நடுவர்களுக்கும், வலயங்களில் அவற்றை ஒழுங்குசெய்யும் உதவிக் கல்விப் பணிப்பாளர்களுக்கும் ஆசிரிய ஆலோசகர்களுக்கும்,

வணக்கம்.

பாவோதல் போட்டியில் பிள்ளை பாடலை ஓதி முடித்ததும், மேடையை விட்டு இறங்கும் முன், அந்தப் பாடலின் பொருளைப் பற்றி ஒரேயொரு கேள்வி கேளுங்கள். அந்தப் பதிலுக்கு ஒரு பங்கு புள்ளியை ஒதுக்குங்கள். இந்த மடலில் நான் கேட்பது இவ்வளவுதான். பிள்ளைகளை இந்தப் போட்டிகளுக்குப் பழக்கும் தமிழாசிரியர்களில் ஒருவனாக இதை எழுதுகிறேன்.

பாடசாலைகளில் இப்போது பயிற்சி எப்படி நடக்கிறதென்று நீங்கள் அறியாததல்ல. பாடல் கைக்கு வந்ததும் நன்றாகப் பாடக்கூடிய ஒருவர் அதை ஓதிக் கைபேசியில் பதிவு செய்வார். அந்தப் பதிவு வட்ஸ்அப்பில் பிள்ளையின் அம்மாவுக்குப் போகும். பிள்ளை அதைக் காலையிலும் மாலையிலும் கேட்டுக் கேட்டு அப்படியே குரலில் ஏற்றிக்கொள்ளும். ஒரு மாணவி ஒவ்வொரு முறையும் ஒரு சொல்லின் நடுவிலேயே நிறுத்தினாள். ஏன் அந்த இடத்தில் நிறுத்துகிறாய் என்று கேட்டேன். "பதிவில அப்பிடித்தான் சேர் இருக்கு" என்றாள். கேட்டுப் பார்த்தால், பதிவு செய்தவர் அந்த இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் பிழையில்லை. எதைக் கொடுத்தோமோ அதைத் துல்லியமாகத் திருப்பித் தந்தாள். அவளுக்கு நல்ல செவி, நல்ல குரல். பாடல் மட்டும் அவளிடம் போய்ச் சேரவேயில்லை.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்று 192ஆம் பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடி எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் அதை ஊர்வல முழக்கம்போல உரத்துச் சொல்லித் தொடங்குவார்கள். கை விரியும், முகம் மலரும். பிறகு பாட்டு நடுப்பகுதிக்கு வரும்போது தடுமாற்றம் தொடங்கும். மின்னலோடு மழை பெய்து, கல்லில் மோதி இரைந்தோடும் பேராற்றில் அடிபட்டுப் போகிற தெப்பம் போல, உயிரும் முறைவழியே போகிறது என்கிறார் புலவர். பல அடிகள் ஓடும் ஒரே வாக்கியம் அது. அச்சில் சந்தி சேர்ந்து "தலைஇ யானாது" என்று இருந்தால், பிள்ளை "யானாது" என்பதைத் தனிச்சொல்லாக்கி அங்கே ஓர் அழுத்தமும் கொடுத்துவிடும். அது "ஆனாது", ஓயாமல் என்று பொருள், அடுத்த அடியில் வரும் ஆற்றோடு சேர்வது என்று யாராவது சொல்லியிருந்தால் குரல் அங்கே நிற்காமல் ஆற்றோடு ஓடியிருக்கும். "படூஉம்" என்ற அளபெடையும் அப்படித்தான். ஓசையை நீட்ட வேண்டிய இடத்தில் "படூ", "உம்" என்று இரண்டு துண்டாக உடைகிறது.

அந்தப் பாட்டு போய்ச் சேரும் இடமோ கடைசி அடி. பெரியோரை வியப்பதுமில்லை, "சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே." இதில் "அதனினும்" என்ற சொல்லில்தான் குரல் சற்றே தங்க வேண்டும். வியக்காமல் இருப்பதைவிட இகழாமல் இருப்பது பெரிதென்று புலவர் நினைப்பது அந்த ஒரு சொல்லில் தெரிகிறது. இதை விளங்கிக்கொண்ட பிள்ளைக்குக் கை எங்கே போக வேண்டும், கண் எங்கே பார்க்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முதலடியை முழங்கியவர்கள் பலர் இந்த அடிக்கு வரும்போது மூச்சுத் தீர்ந்து, வணக்கம் சொல்லும் அவசரத்தில் இருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

நான் கேட்பது புதிய வழக்கமுமல்ல. எங்கள் கோயில்களில் புராண படனம் நடக்கும் முறையை நினைத்துப் பாருங்கள். ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். பக்கத்தில் இருப்பவர் பயன், அதாவது அந்தச் செய்யுளின் பொருள், சொல்லுவார். வாசிப்பவர் பதம் பிரிக்காமல் வாசித்தால் பயன் சொல்பவர் தடுமாறிப்போவார். ஆகவே பொருள் தெரியாத ஒருவர் அங்கே வாசிக்க உட்காருவதில்லை. ஆறுமுக நாவலர் 1847இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் பிரசங்கத்தைத் தொடங்கியதும், செய்யுளும் அதன் பொருளும் சேர்ந்தே காதில் விழுந்து பழகிய இந்த மண்ணில்தான். போட்டி மேடையில் நாம் வாசிப்பை மட்டும் வைத்துக்கொண்டு பயனை விட்டுவிட்டோம்.

பொருளுணர்ச்சிக்கும் புள்ளி கொடுக்கிறோமே என்று நீங்கள் சொல்லலாம். கொடுக்கிறீர்கள், ஆனால் அதை முகபாவத்திலிருந்து ஊகிக்க வேண்டிய நிலையில் இருக்கிறீர்கள். முகபாவத்தையும் கண்ணாடி முன் நிறுத்திப் பழக்கிவிடலாம். நேரம் போதாது என்பது நியாயமான கவலை. ஒரு பிரிவில் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள், மாலைக்குள் எல்லாம் முடிய வேண்டும். ஆனாலும் ஒரு கேள்விக்கும் பதிலுக்கும் ஒரு நிமிடம் போதும். நடுவருக்கு நடுவர் கேள்வி மாறினால் முறைப்பாடு வரும் என்றால், ஒவ்வொரு பாடலுக்கும் ஐந்தாறு கேள்விகளை ஆசிரிய ஆலோசகர்களே முன்கூட்டி எழுதி, சீட்டுக் குலுக்கி எடுக்கச் செய்யலாம். பிள்ளை பயந்துவிடும் என்பவர்களுக்கு என் பதில்: பாடலைத் தெரிந்த பிள்ளை அதைப் பற்றிக் கேட்டால் பயப்படுவதில்லை, சொல்ல ஆசைப்படும். சிறிய பிரிவினருக்குக் கேள்வி எளிமையாக இருந்தால் சரி. பதிலை உரைநூல் தமிழில் எதிர்பார்க்க வேண்டாம். வீட்டில் பேசும் தமிழில் சொன்னாலும் முழுப் புள்ளி கொடுங்கள்.

பேச்சுப் போட்டிக்கும் இதே கேள்வி பொருந்தும். ஆசிரியர் எழுதிக்கொடுத்ததைப் பிள்ளை மனனம் செய்கிறது என்பது ஊரறிந்த விடயம். பேச்சில் சொன்ன ஒரு கருத்தை எடுத்து, "இதற்கு உங்கள் ஊரிலிருந்து ஓர் உதாரணம் சொல்லு" என்றால் போதும்.

இதைவிட முக்கியமான ஒன்றுண்டு. நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குப் பயிற்றுநர் கிடைக்கிறார், ஒலிவாங்கி கிடைக்கிறது, முன்னைய வருட வெற்றியாளர்களின் பதிவுகள் கிடைக்கின்றன. வன்னியின் உள்ளூர்ப் பாடசாலைக்கும் மலையகத்தின் தோட்டப் பாடசாலைக்கும் பெரும்பாலும் ஒரு தமிழாசிரியரும் ஒரு பாடப்புத்தகமும்தான். அந்த ஆசிரியரால் இசைப்பயிற்சி கொடுக்க முடியாமல் போகலாம். பிள்ளையோடு உட்கார்ந்து பாடலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் படிக்க முடியும். அந்த உழைப்புக்குப் புள்ளித்தாளில் இப்போது இடமில்லை. நாங்கள் எதைப் பழக்குவோம் என்பதைத் தீர்மானிப்பது புள்ளித்தாள்தான். அதில் ஒரு வரி மாறினால், தவணையின் முதல் கிழமையிலிருந்தே வகுப்பில் நடப்பது மாறும்.

அடுத்த வருடச் சுற்றுநிருபத்தில் முழுமையாகச் சேர்க்கத் தயக்கமிருந்தால், கோட்ட மட்டத்தில் ஒரு பிரிவில் மட்டும் செய்து பாருங்கள். அந்தப் பிரிவின் பாடல்களை முன்கூட்டியே தந்தால், மாதிரிக் கேள்விகளை எழுதித் தர எங்களில் பல ஆசிரியர்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்