ஆண்டறிக்கை 2024–25: ஜூலை 24 தடையற்ற சந்தை விழா

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இவ்வாண்டு மாதந்தோறும் தவறாது கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆகவே இவ்வறிக்கை, ஓசூரில் நாம் முதன்முறையாக எடுத்த தடையற்ற சந்தை விழாவைப் பற்றியதாகவே அமைகிறது.

மே 5 வணிகர் தினம் இருக்க இன்னொரு நாள் எதற்கு என்று மூத்த உறுப்பினர்கள் கேட்டார்கள். வணிகர் தினம் பெரும்பாலும் அரசிடம் கோரிக்கை வைக்கும் நாளாகவே இருப்பதால், அரசு விலகி வழிவிட்டதை நினைவுகூர, 18 தொழில்கள் நீங்கலாக மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்று 1991-இல் புதிய தொழிற்கொள்கை அறிவிக்கப்பட்ட ஜூலை 24-ஐத் தேர்ந்தோம். தொழிலுக்கும் வணிகத்துக்கும் அரசின் அனுமதியும் உரிமமும் ஒதுக்கீடும் வேண்டியிருந்த பெர்மிட்-லைசென்ஸ்-கோட்டா ராஜ்யத்தை எதிர்த்து 1959-இல் சுதந்திராக் கட்சியைத் தொடங்கிய ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி நமக்குப் பக்கத்திலேயே இருப்பதும் ஒரு காரணம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் முறைப்படி அனுமதி பெற்றே விழா நடந்தது என்பதை, சிரிப்பவர்கள் சிரிக்கட்டும் என்று பதிவு செய்கிறேன்.

கண்காட்சி மேசையில் அதிகம் பேர் நின்று பார்த்தது, உறுப்பினர் ஒருவர் தம் தந்தையின் பெட்டியிலிருந்து எடுத்துவந்த பழைய சிமெண்ட் பெர்மிட்டைத்தான். காரணம் என்ற இடத்தில் ‘மகள் கல்யாணம், திண்ணை பூச’ என்று எழுதி, அதன்மேல் அலுவலக முத்திரை குத்தியிருந்தது. சிமெண்ட் மீதிருந்த அரசுக் கட்டுப்பாடு 1982-இல் ஓரளவும் 1989-இல் முழுமையாகவும் நீங்கியதை இளையவர்களுக்கு விளக்க, அந்தத் தாள் ஒன்றே போதுமானதாக இருந்தது.

தேநீருக்கு ஒருவரிடம் மட்டும் ஒப்பந்தம் செய்யாமல் இரண்டு கடைகளுக்கு இடம் கொடுத்தோம். போட்டியில் விலை இறங்கும் என்று எதிர்பார்த்திருக்க, இருவரும் அரை மணி நேரத்திலேயே பேசிவைத்துக்கொண்டு பதினைந்து ரூபாய்க்கு விற்றார்கள். ஒரே தொழில் செய்பவர்கள் கூடினால் பேச்சு விலையேற்றத்தில்தான் முடியும் என்ற பொருளில் ஆடம் ஸ்மித் 1776-லேயே எழுதியிருக்கிறார். பிறகு சைக்கிளில் கேனோடு வந்த ஒருவர், யாரையும் கேட்காமல், பத்து ரூபாய்க்கு ஊற்றத் தொடங்கியதும் இரு கடைகளும் இறங்கி வந்தன. அவரை வெளியேற்றச் சொன்ன கோரிக்கையை விழாக் குழு ஏற்கவில்லை.

நம் பட்டறைகளில் பல அரசு அமைத்த தொழிற்பேட்டைகளில்தானே நிற்கின்றன என்று இளைய உறுப்பினர் ஒருவர் மேடையில் எழுப்பிய கேள்விக்கு யாரும் தக்க விடை தரவில்லை என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும்.

இறக்குமதியாகும் மலிவு விலை போல்ட், நட்டுகளுக்குக் கூடுதல் சுங்கவரி கோரும் தீர்மானத்தை அந்த மேடையிலேயே நிறைவேற்றச் சிலர் விரும்பினார்கள். நீண்ட விவாதத்துக்குப் பின் செயற்குழு அதை ஒத்திவைத்தது. அவர்கள் படும் நட்டம் உண்மையானது, கோரிக்கை வைக்க அவர்களுக்கு உரிமையும் உண்டு. அத்தீர்மானம் இன்றைய பொதுக்குழுவின் பொருள் நிரலில் இடம்பெற்றுள்ளது. அது நிறைவேறுமானால், வரும் ஜூலை 24 விழாவுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வதே முறை என்பது என் கருத்து.

இவண்,
செயலாளர்