கோலாலம்பூருக்கு அழைத்துச் செல்லும் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

மலேசியப் பயணத்துக்கென நீங்கள் வெளியிடும் நிரல்கள் பலவும், தலைநகரில் ஓரிரவு, மலைமேல் ஓரிரவு, மலாக்காவில் ஓரிரவு என்று, வந்தவர்களை நாள்தோறும் பெட்டி கட்ட வைக்கின்றன. கோலாலம்பூரிலேயே ஐந்தாறு நாள் ஒரே விடுதியில் தங்கவைத்து, காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்பும்படி பயணத்தை அமைத்துத் தர வேண்டுகிறேன்.

அதற்கான வசதி அந்நகரில் ஏற்கெனவே உள்ளது. 2001இல் திறக்கப்பட்ட கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் விமான நிலைய ரயிலும், நகர ரயில்களும், ஈப்போ நகர் வழியாக வடக்கே செல்லும் ஈடிஎஸ் என்னும் விரைவு மின்ரயிலும் வந்து சேர்கின்றன. நிலையத்தை ஒட்டியே தமிழர் கடைகள் நிறைந்த பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதி இருப்பதால், வாழையிலைச் சாப்பாட்டுக்கும் தமிழில் வழி கேட்பதற்கும் வயதானவர்கள் தடுமாற வேண்டியதில்லை.

பத்துமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிற்கும் முக்கால் மணி நேரத்தில் எழுபது வயதுக்காரர் ஒருவர் 272 படிகளையும் நின்று நின்று ஏறி, பிரசாதப் பையைக் குரங்குகளிடமிருந்து காப்பாற்றி, முருகனைக் கும்பிட்டுவிட்டு முழங்கால் நடுங்க இறங்கி வருவது நடக்கிற காரியமா? பாதிப் பேர் கீழேயே நின்று, 2006இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயரச் சிலையைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் கொம்யூட்டர் ரயில் கோயில் வளாகத்துக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் போய், அவரவர் கால் சொல்கிற வேகத்தில் ஏறி இறங்கலாம்.

மலாக்கா நகருக்குள் ரயில் போவதில்லை. ஆனால் கோலாலம்பூரின் பண்டார் தாசிக் செலாத்தான் பேருந்து முனையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரப் பயணம்தான். ஈப்போவுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம் ஆகும். விடுமுறை நாள்களில் இருக்கைகள் முன்னதாகவே தீர்ந்துவிடுவதால், அந்தப் பதிவைப் பயணிகளிடம் விடாமல் நீங்களே செய்துகொடுப்பது நல்லது. நிர்வாகத் தலைநகரான புத்ராஜாயாவுக்கு அரை நாள் போதும். 2023 முதல் மெட்ரோவே அங்கு செல்கிறது. இரட்டைக் கோபுரத்துக்கு ஒரு மாலைக்கு மேல் ஒதுக்குவது, என் பார்வையில், வீண்.

பினாங்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். பட்டர்வொர்த் வரை ரயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் போய், படகேறித் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனை அடைந்து அன்றிரவே திரும்புவது தண்டனை. அதற்குத் தனியாக இரண்டு இரவு வேண்டும்.

வாடகைப் பேருந்து குறைவதால் உங்கள் வருமானமும் குறையலாம். அதை ஈடுகட்ட வழிகாட்டிக் கட்டணத்தை வெளிப்படையாக உயர்த்திக்கொள்ளுங்கள். மனமுவந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வரும் பள்ளி விடுமுறைக்கான நிரல்களில் ஒன்றையாவது இப்படி அமைத்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பயணி