இரண்டாம் உலகப் போரில் பிடிபட்டவர்கள், காணாமல் போனவர்களின் குடும்பத்தார் சேர்ந்த நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை

தலைவர் ஐயா அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஆச்சிமார்களுக்கும், அண்ணன் தம்பிமார்களுக்கும் வணக்கம். பொதுக்குழுவில் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்று பாதியில் நிறுத்தச் சொன்னதால், வாசிக்காமல் விட்டதையும் சேர்த்து முழு அறிக்கையையும் எழுதி எல்லாருக்கும் அனுப்புகிறேன். கொஞ்சம் நீளம்தான். பதிவேடு பற்றிய பகுதியையாவது தாண்டிப் போகாமல் படித்துவிடுங்கள்.

பிப்ரவரி 15, 1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்த நாள் அஞ்சலி வழக்கம்போல் காரைக்குடியில் நடந்தது. ஆடி அமாவாசை அன்னதானம் நல்லபடியாக நடந்தது. ஆகஸ்ட் 15 கொடியேற்றத்தோடு, ஜப்பான் சரணடைந்து 80 ஆண்டு ஆனதையும் சேர்த்து நினைவுகூர்ந்தோம். நவம்பரில் நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு வேன் வைத்துப் போய்வந்தோம். செயற்குழு கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

இனி பதிவேடு. போன பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு என்னிடம் ஒப்படைத்த வேலை இது. போர்க்கைதியாகப் பிடிபட்டவர், முகாமில் இறந்தவர், திரும்பி வந்தவர், என்ன ஆனார் என்றே தெரியாதவர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தாள். பெயர், தகப்பனார் பெயர், ஊர், எந்த வருடம் போனார், எந்தப் பிரிவு, கடைசியாகத் தகவல் வந்தது எப்போது, வீட்டில் என்ன காகிதம் இருக்கிறது, இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். கால் மணி நேரத்தில் எழுதிவிடலாம். படிவம் அச்சடித்துக் காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல், கல்லல் என்று சுற்றிக் கொடுத்தேன். திரும்பி வந்தது கால்வாசிகூட இல்லை. வந்ததிலும் பல தாள்களில் பெயரும் "மலேயா" என்ற ஒரு வார்த்தையும்தான் இருக்கின்றன.

எதற்கு இந்த வேலை, எல்லாம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று ஒரு உறுப்பினர் கூட்டத்திலேயே கேட்டார். பாதி உண்மை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் பட்டாளத்தில் இறந்தவர்கள் பெயர் இருக்கிறது. உடல் கிடைக்காதவர்கள் பலருடைய பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில், 24,000 பேருக்கு மேல், கல்லில் வெட்டியிருக்கிறார்கள். தகனம் செய்யப்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு அங்கேயே தனி நினைவிடமும் உண்டு. ஆனால் அதில் தேடுவதற்கும் விவரம் தெரிய வேண்டும். சிவகங்கை என்று போட்டுத் தேடிவிட்டு "இல்லை" என்று விட்டவர்கள் நம்மில் நிறையப் பேர். சிவகங்கை மாவட்டம் உண்டானதே 1980களில்தான். அன்றைக்கு நாமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா, அதை ராம்நாட் என்று எழுதினான் வெள்ளைக்காரன். நம் பக்கத்துச் சில ஊர்கள் புதுக்கோட்டை சமஸ்தானம். பெயரையும் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், முனியாண்டியும் முனியனும் அங்கே நாலைந்து விதமாக இருப்பார்கள். தகப்பனார் பெயரும் ஊரும் சேர்ந்து பொருந்தினால்தான் நம்மவர் என்று சொல்ல முடியும். அதற்குத்தான் படிவத்தில் அந்த இரண்டு வரி.

ரெஜிமெண்ட் ஆவண அலுவலகங்களுக்கு எழுதுவதும் அப்படித்தான். மதராஸ் ரெஜிமெண்ட்டுக்கு வெலிங்டன், மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைக்குப் பெங்களூர் என்று இடம் தெரியும், விலாசம் தெரியும், ஆனால் படை எண் இல்லாமல் எழுதினால் அவர்களால் எதைத் தேட முடியும்? அந்த எண் நம் வீட்டில்தான் இருக்கிறது. பழைய மணியார்டர் கூப்பனில், பென்ஷன் புத்தகத்தில், டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில். பெட்டகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லி எத்தனை முறை கேட்பது? செஞ்சிலுவைச் சங்கத்தின் ஜெனீவா ஆவணக் காப்பகம் வேறு எல்லா நாளும் விண்ணப்பம் வாங்குவதில்லை. குறிப்பிட்ட நாளில் திறப்பார்கள், எண்ணிக்கை நிரம்பியதும் மூடிவிடுவார்கள். இந்த ஆண்டு திறந்தபோது, விவரம் தயாராகக் கையில் இருந்த குடும்பங்களுக்கு மட்டும்தான் விண்ணப்பம் போட முடிந்தது. மற்றவர்களுக்கு நான் முந்தின வாரமே போன் போட்டேன். "பார்த்துச் சொல்றேண்ணே" என்றார்கள். இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது இந்த வேலையைச் செய்யாவிட்டால் யார் செய்வது என்று கேட்கிறேன். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில் நிறுத்தி ஜப்பான்காரனிடம் ஒப்படைக்கப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 45,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் ஒரு பகுதியினர் ஜப்பான் பக்கம் நின்று வெள்ளைக்காரனை எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சேராதவர்களில் பல ஆயிரம் பேரைக் கப்பலேற்றி நியூ கினி பக்கம் வேலைக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே முங்கிப்போன கப்பல்களும் உண்டு. போர் முடிந்து, நியூ கினியை ஒட்டிய தீவில் இருக்கும் ரபாவுலில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை மீட்டார்கள். மீளாதவர்கள் வீட்டுக்கு "காணவில்லை" என்று ஒரு தந்தி, அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற 1929 ஜெனீவா ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்துப் போட்டதே தவிர முறைப்படி ஏற்கவில்லை. கைதியிடமிருந்து வீட்டுக்கு ஒரு வரி வந்து சேர்வதே அபூர்வம்.

அதனால் நம் ஊர்களில் என்ன ஆயிற்று என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கோட்டையூர்ப் பக்கம் ஒரு வீட்டில் படிவம் எழுதப் போயிருந்தபோது, தொண்ணூறைத் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த அம்மா இரண்டாங்கட்டில் கிடந்த ட்ரங்குப் பெட்டியை இழுத்துவரச் சொல்லித் திறந்தார்கள். மஞ்சள் துணியில் சுற்றி மூன்று மணியார்டர் கூப்பன், மடிப்பு விட்டுப்போன ஒரு தந்தி, சாயம் போன காக்கித் தொப்பி ஒன்று. கூப்பனில் பென்சிலால் எழுதிய படை எண் பளிச்சென்று இருந்தது. எண்பது வருடமாக அது என்ன எண் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. அவர்களுடைய தாயார் கடைசி வரை தாலியைக் கழற்றவில்லையாம். இறந்த நாள் தெரியாததால் தெவசம் கொடுக்கத் திதி கிடையாது, புரட்டாசி மகாளய அமாவாசையில்தான் இன்றைக்கும் பேரன் எள்ளும் தண்ணீரும் இறைக்கிறான். அந்த எண்ணை வைத்து எழுதிப் போட்டிருக்கிறோம். பதில் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஒரு தேதி கிடைக்கும். சங்கம் இருப்பது இதற்குத்தான் என்று நான் நம்புகிறேன், அஞ்சலிக் கூட்டத்து மாலைக்கும் போட்டோவுக்கும் அல்ல.

ஐரோப்பாவில் பிடிபட்டவர்கள் விஷயம் வேறு. வட ஆப்பிரிக்காவில் சிக்கி இத்தாலி, ஜெர்மனி முகாம்களில் இருந்தவர்களிடமிருந்து அட்டை வந்திருக்கிறது. தேவகோட்டை உறுப்பினர் ஒருவர் தன் ஐயா அனுப்பிய போர்க்கைதி அஞ்சலட்டையின் நகலைக் கொடுத்திருக்கிறார். யாரோ ஒரு கூட்டாளி எழுதிக் கொடுத்த இங்கிலீஷ், குறுக்கே முகாமின் தணிக்கை முத்திரை, கடைசியில் மட்டும் தன் கையால் தமிழில் போட்ட கையெழுத்து. கேட்காமலே கொண்டுவந்து கொடுத்த அவருக்குச் சங்கத்தின் நன்றி.

அடுத்து, செயற்குழுவில் சத்தம் வந்த விஷயம். மலேயாத் தோட்டங்களிலிருந்து, சயாமில் (இன்றைய தாய்லாந்து) ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டவர்களைப் பதிவேட்டில் சேர்க்கக் கூடாது, அவர்கள் கூலிக்குப் போனவர்கள், போர்க்கைதிகள் அல்ல என்று சில மூத்த உறுப்பினர்கள் சொன்னார்கள். அவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை, கொடுக்கவும் மாட்டேன். சயாமிலிருந்து பர்மா தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர், 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்த பாதை அது. அதில் வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் 60,000 பேருக்கு மேல், இறந்தவர்கள் ஏறத்தாழ 13,000. தோட்டக் கூலிகளும் மற்ற ஆசியத் தொழிலாளிகளும் இறந்தது 80,000 முதல் 1 லட்சம் வரை என்று மதிப்பிடுகிறார்கள். நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பலாம் என்று ஆசை காட்டிக் கொஞ்சம் பேரை ஏற்றினார்கள். ஆள் போதவில்லை என்றதும் அகப்பட்டவர்களைப் பிடித்து ஏற்றினார்கள். காட்டு மழையில் காலரா வந்தபோது வெள்ளைக்காரக் கைதிகளுடன் அவர்களுடைய டாக்டர்கள் இருந்தார்கள், மருந்து இல்லாவிட்டாலும் யார் எப்போது செத்தார் என்று ஒளித்தாவது எழுதி வைத்தார்கள். நம் ஆட்களுக்கு எழுதி வைக்க யார் இருந்தார்கள்?

தாய்லாந்தில் அந்தப் பாதை போகும் காஞ்சனாபுரியில், போர்க்கைதிகள் கல்லறைத் தோட்டத்தில் சுமார் 6,900 கல்லறைகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கல். அங்கே போய்வந்த நம் உறுப்பினர் ஒருவர், தன் தகப்பனாருடைய அண்ணனுக்கு எங்கே பூ வைப்பது என்று தெரியாமல் ஆற்றங்கரையில் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னார். பட்டாளத்துக்காரருக்காவது கிராஞ்சியில் பெயர் இருக்கிறது. தோட்டத்துக்காரருக்கு நம் பதிவேட்டைத் தவிர வேறு எங்கே பெயர் வரப்போகிறது? கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன இடத்துக் கணக்கையெல்லாம் காசு பிசகாமல் பேரேட்டிலும் ஐந்தொகையிலும் எழுதி வைத்த சீமை இது. அதே கப்பலில் கீழ்த்தட்டில் போன ஆட்களின் கணக்கை யாரும் எழுதவில்லை. கல்லல் சுற்றுவட்டாரத்தில் பத்துப் பன்னிரண்டு வீடுகளிலிருந்து இப்படிப் போனவர்கள் பெயர் வந்திருக்கிறது. அவர்களுக்குத் தனிப் பகுதி ஒதுக்கிப் பதிந்துவிட்டேன். குழு பிறகு ஒப்புதல் கொடுத்தது, தலைவர் ஐயாவுக்கு நன்றி.

இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர் வீடு, சேராமல் முகாமில் கிடந்தவர் வீடு என்ற பழைய மனத்தாங்கலும் இன்னும் போகவில்லை என்று தெரிகிறது. சேர்ந்தவர்களைப் போருக்குப் பின் பட்டாளத்திலிருந்து நீக்கினார்கள், பலருக்குச் சம்பளப் பாக்கியும் போயிற்று. மத்திய அரசின் தியாகி பென்ஷன் வந்ததே 1972இல்தான், அதற்குள் இறந்துபோனவர்கள் உண்டு. சேராதவர்கள் பட்டினியும் அடியும் பட்டார்கள். இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் தகப்பன் முகம் தெரியாமல்தான் வளர்ந்தார்கள். அன்னதானத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று எழுந்து போவது வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயற்குழு கூடாததற்கு வருகிறேன். சென்னையிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்கள் வர முடியாது, அது புரிகிறது. உள்ளூரில் இருப்பவர்கள்? கல்யாணம், புதுமனை, மஞ்சுவிரட்டு எல்லாவற்றுக்கும் வர முடிகிறது. குழு கூட்டம் என்றால் மட்டும் "இன்னிக்கு ஆகாது" என்று காலையில் தகவல் வருகிறது. கோரம் இல்லாமல் டீ குடித்துக் கலைந்த கூட்டங்களில் எடுக்க வேண்டிய முடிவுகள் அப்படியே கிடக்கின்றன. துணைச் செயலாளர் பதவியில் இருப்பவர் இந்த ஆண்டு ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. உடல்நலம் என்றால் சொல்லலாம், வேறு ஒருவரைப் போடலாம்.

வரவு செலவு: முந்தைய ஆண்டுக் கையிருப்பும் நன்கொடையும் சேர்த்து வந்ததும், அன்னதானம், வேன், அச்சுக்கூலி, தபால் என்று போனதும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சந்தா வருடத்துக்கு 300 ரூபாய். பாதிப் பேருக்கு மேல் இரண்டு வருடமாகக் கட்டவில்லை. படிவம் அச்சடித்த கூலியில் ஒரு பகுதியை நான் கையிலிருந்து போட்டிருக்கிறேன், அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் பதிவேட்டைப் புத்தகமாக அச்சிட வேண்டுமென்றால் சந்தா இல்லாமல் முடியாது.

மண்டபம் கொடுத்து வாடகை வாங்காத நகரத்தார் குடும்பத்துக்கும், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்த கடைக்காரருக்கும், ஆடி அமாவாசையன்று பந்தி பரிமாறிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும், தாள்களை ஸ்கேன் செய்து கொடுத்த ஜெராக்ஸ் கடைத் தம்பிக்கும் நன்றி.

வரும் ஆண்டு பற்றி வெளிப்படையாகவே சொல்கிறேன். செயலாளர் பொறுப்பில் ஒட்டிக்கொண்டிருக்க எனக்கு ஆசை இல்லை. யாராவது எடுத்துக்கொண்டால் சாவியையும் கோப்புகளையும் அன்றே கொடுத்துவிடுவேன், பதிவேட்டை மட்டும் நிறுத்தக் கூடாது என்பதுதான் என் நிபந்தனை. யாரும் முன்வராவிட்டால் நானே செய்கிறேன், அப்போது வீட்டுக்கு வரும்போது கதவைத் திறந்து பெட்டியையும் திறந்து காட்டுங்கள். தகப்பனாரை நேரில் பார்த்த ஞாபகம் உள்ளவர்கள் நம்மில் மிகச் சிலர்தான் மிச்சம், இந்த ஆண்டும் இரண்டு பேரை இழந்தோம், அவர்களில் ஒருவர் படிவத்தை வாங்கி வைத்துவிட்டு எழுதாமலே போய்விட்டார். பிள்ளைகளுக்கு அந்த விவரம் ஒன்றும் தெரியவில்லை.

படிவம் மண்டபத்து முகப்பில் உள்ள மேசையில் எப்போதும் இருக்கும். பங்குனி உத்திரத்துக்குள் எழுதிக் கொடுங்கள். எழுத முடியாத பெரியவர்கள் வீட்டுக்குச் சொல்லி அனுப்பினால் நானோ பொருளாளரோ வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம். பழைய காகிதங்களை எங்களிடம் கொடுத்துவிட வேண்டாம், போனில் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுவோம். சந்தா பாக்கியையும் அதே மேசையில் கட்டலாம், ரசீது உண்டு.

இப்படிக்கு,
செயலாளர்